ஹாரன் அக்காவின் கோழி

சின்னவன் எத்தனையோ கதவு செய்திருக்கிறான். செய்து மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தால், அதோடு மறந்துவிடுவான். ஒரே ஒரு கதவு மட்டும் மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அது அவனுடைய அண்ணன் செய்யச் சொன்ன கதவு.

அப்பா போன பிறகு வீட்டை இரண்டாகப் பிரித்தார்கள். தெருப்பக்கத்துப் பாதி பெரியவனுக்கு, பின்பாதி அக்காவுக்கு. சின்னவனுக்கு வெல்டிங் பட்டறையும் அதன் மேலேயே ஒரு வீடும் இருந்ததால் அவன் எதுவும் கேட்கவில்லை. படுக்கையில் கிடந்த அப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளிப் போட்டவள் அக்கா. மாதத்துக்கு ஒருமுறை வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவன் பெரியவன். ஆனால் கூடத்தில் உறவுக்காரர்கள் கூடி உட்கார்ந்ததும், கோடு கிழித்தவன் அவன்தான்.

அக்கா எழுந்து நின்று கேட்டாள். "பின்பக்கம் எனக்குன்னா நான் தெருவுக்கு எப்படிப் போறது? சாக்கடைச் சந்து வழியாவா?"

பெரியவன் அவள் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. மாமாவைப் பார்த்துச் சொன்னான். "பெட்டைக் கோழி கூவியா மாமா பொழுது விடியப் போவுது?"

கூடம் முழுக்கச் சிரித்தது. மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் பெரியவன் நல்ல பிள்ளை வேஷம் கட்டினான். நடுவில் சுவர் எழும்பியதும் தம்பியைக் கூப்பிட்டு, "தங்கச்சி போக வர ஒரு இரும்புக் கதவு போடுடா. கண்டவன் கையால வேணாம், உன் கையால போடு" என்றான். சின்னவன் நம்பினான். பட்டறையில் இருந்ததிலேயே நல்ல இரும்பாகப் பார்த்து எடுத்தான். இரண்டு பக்கமிருந்தும் திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் வைத்தான். அக்கா பீரோ, கட்டில் ஏதாவது கொண்டுபோக வேண்டுமென்றால் கதவையே கழற்றிக்கொள்ளட்டும் என்று, சட்டத்தில் ஊசியும் கதவில் வளையமுமாகக் கீல் வைத்தான். முழுக்கத் திறந்து வைத்து மேலே ஒரு தூக்குத் தூக்கினால் கதவு கையோடு வந்துவிடும். மூடியிருந்தால் யானையே வந்தாலும் அசையாது.

அன்றைக்குச் சாயங்காலமே பெரியவன் தன் பக்கத்தில் முஷ்டி அளவுக்கு ஒரு பூட்டுப் போட்டான். கேட்டதற்கு, "திருட்டுப் பயம்டா" என்றான்.

வழியை அடைத்தவன் அண்ணன். அடைத்த கதவு தம்பியின் கைவேலை. அந்த முள்தான் அது.

சின்னவன் மறுநாளே இரும்பு வெட்டுகிற மெஷினைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாக வந்தான். "ஒரு நிமிஷ வேலைக்கா. பூட்டு ரெண்டு துண்டாகிடும்."

அக்கா கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். "அவன் போட்ட பூட்டு. அவன் கையாலதான் அவன் எடுக்கணும். நீ வெட்டினா நாம திருடங்க ஆயிடுவோம். போ."

அன்றிலிருந்து அவள் பெரியவனை அண்ணன் என்று சொல்வதில்லை. 'மெத்தைக்காரர்' என்பாள். பெரியவனுக்குக் கடைத்தெருவில் மெத்தைக் கடை. 'படுத்தால் எழ மனம் வராது' என்று வாசலில் போர்டு மாட்டியிருந்தான்.

அக்காவுக்கு வேலை லாரி எடைமேடையில். ஊருக்கு வெளியே, தூசி பறக்கிற சாலையோரம், கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. முன்னால் தரையோடு தரையாக இரும்பு மேடை. லாரி வந்து ஏறும். பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே அரையடி நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி வானத்தைப் பார்க்கிற டிரைவர்கள் உண்டு. அக்கா ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் போடுவாள். "பின் டயரை என்ன உன் மாமியார் வீட்டுலயா நிறுத்தியிருக்கே? மேல ஏத்து!" அந்தச் சத்தத்துக்கு லாரி தானாக ஏறிவிடும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். அறையில் மைக் இருந்தது. ரிப்பேராகிப் பல வருஷம் ஆகியும் யாரும் கவலைப்படவில்லை. அவளுக்கு 'ஹாரன் அக்கா' என்று பேர்.

கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னதில்லை. கேட்டு வந்தவர்களில் ஒருத்தன் "கொஞ்சம் மெதுவா பேசினா தேவலை" என்றான். "நீ கொஞ்சம் தள்ளி உக்காந்தா தேவலை" என்று அனுப்பிவிட்டாள். மற்றவர்கள் அந்தப் பேச்சைக் கேள்விப்பட்டே வரவில்லை.

கோழி வந்ததும் எடைமேடை வழியாகத்தான். பண்ணைக்குக் கோழி ஏற்றிப்போன லாரி ஒன்று மேடையில் நின்றபோது, கூண்டுக் கம்பிக்குள்ளிருந்து ஒரு இளம் பெட்டை நழுவிக் கீழே விழுந்தது. டிரைவர் இறங்கித் துரத்தினான். அது நேராக அக்காவின் அறைக்குள் ஓடி, அவள் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"எடை போட்டாச்சு. இனிமே இது என் கணக்குல இல்ல, நீயே வெச்சுக்கக்கா" என்று போய்விட்டான் டிரைவர்.

லாரியிலிருந்து இறங்கியது என்பதால் அக்கா அதற்கு 'லோடு' என்று பேர் வைத்தாள். பின்கட்டுத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. அதுதான் வீடு. பழுப்பு நிறம், இடது இறக்கையில் மட்டும் ஒரு வெள்ளை இறகு. முட்டை இட்டால் வீடு இடிந்து விழுந்த மாதிரி ஊரைக் கூட்டும். "வளர்த்தவ வாய்தானே வரும்" என்பான் சின்னவன். அக்கா வேலை முடிந்து சந்து வழியாகச் சாக்கடையைத் தாண்டித் தாண்டி வரும்போது, செருப்புச் சத்தம் கேட்டே லோடு வாசலுக்கு வந்து நிற்கும். வந்ததும் செருப்பின் மேல் ஏறி உட்காரும். அந்தப் பழக்கம் கடைசி வரைக்கும் போகவில்லை.

வருஷங்கள் போயின. லோடுக்கு முட்டை நின்றது. காலில் சேவலுக்கு மாதிரி முள் வளர்ந்தது. கொண்டை சிவந்தது. ஒரு நாள் விடியக்காலை, நடுச் சுவரின் மேல் ஏறி, பெரியவன் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து நின்று, கழுத்தை நீட்டிக் கூவியது. கொக்கரிப்பு இல்லை. சாட்சாத் சேவல் கூவுகிற கூவல். நடுவில் மட்டும் துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு கிறீச்.

அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் கையில் சாம்பலோடு அப்படியே நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அப்பா செத்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

லோடு தினமும் கூவியது. ஒருமுறை கூவி நிறுத்துகிற சாதி இல்லை அது. பெரியவன் எழுந்து விளக்குப் போடுகிற வரைக்கும் விடாது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறித் தலையை நீட்டினான். கண்ணெல்லாம் சிவப்பு.

"அந்தச் சனியனைப் பிடிச்சு அடை! பெட்டை கூவுற வீடு விளங்காது. மனுஷன் தூங்க வேணாமா?"

அக்கா துணியைப் பிழிந்து உதறினாள். "பெட்டைக் கோழி கூவினா பொழுது விடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, மெத்தைக்காரரே. இன்னும் விடியல. போய்ப் படுங்க."

இதைக் கேள்விப்பட்ட அன்றைக்குச் சின்னவன் பட்டறையில் தனியாக நின்று, கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மெத்தை விற்கிறவனுக்குத் தூக்கம் போச்சு. கடையில் உட்கார்ந்தபடியே அவன் தூங்கி விழுகிறான் என்று கடைத்தெருவே பேசியது. 'படுத்தால் எழ மனம் வராது' போர்டுக்குக் கீழே எவனோ சாக்பீஸால் 'கோழி விட்டால்' என்று எழுதிவைத்தான். அது சின்னவன் எழுத்துதான் என்று சிலர் சொன்னார்கள். சின்னவன் இல்லையென்று சொல்லவில்லை.

லோடுக்கு வயதாக ஆக, சுவர் ஏறுவது கஷ்டமாகிவிட்டது. சின்னவன் கம்பியில் ஒரு சாய்வு ஏணி செய்து, கால் வழுக்காமல் இருக்கச் சாக்கு சுற்றிக் கொண்டுவந்து சாத்தினான். அதிலும் பாதியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்ததும், ஏணியைக் கழற்றிப்போய் இன்னும் தணிவாகச் செய்துவந்தான். மந்திரிக்கு மேடை போடுகிறவன்கூட அவ்வளவு அக்கறையாகப் போட்டிருக்க மாட்டான்.

ஆனால் லோடின் வயிறு வீங்கத் தொடங்கியது. தண்ணீர் நிரப்பின பலூன் மாதிரி தொங்கியது. வாலைக் கீழே போட்டுக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடந்தது. கூவும்போது முன்பு கிறீச் வந்த இடத்தில் இப்போது இழுப்பு வந்தது. அப்படியும் விடியற்காலை ஆனால் சுவரடியில் போய் நிற்கும். அக்கா தூக்கி மேலே வைப்பாள். கூவும்.

இந்தச் சமயம் பார்த்துப் பெரியவன் மறுபடி சுவர் மேல் முளைத்தான். அக்காவிடம் பேசாமல், ஏணிக்குச் சாக்கு மாற்றிக்கொண்டிருந்த தம்பியிடம் சொன்னான்.

"டேய், உங்க அக்காகிட்ட சொல்லு. அந்தக் கோழிய ஒழிச்சுக் கட்டட்டும். கூவல் நின்ன மறுநிமிஷம் பூட்டை எடுத்துடறேன். நான் வாக்கு மாறமாட்டேன்."

"நேரா சொல்லேன். அவளுக்குக் காது கேக்குமே."

"நீ சொல்லு."

தலை மறைந்தது. சின்னவன் குதிக்காத குறையாகச் சமையலறைக்குள் ஓடினான். "அக்கா, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்துச்சு! அது எப்படியும் போகப்போற கோழி. அவனுக்குத் தெரியாது. சரின்னு சொல்லு. செத்த கோழிய வெச்சு உயிரோட கதவை வாங்கிடலாம்."

அக்கா லோடுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். "அவன் சொல்லி நான் கொன்ன மாதிரி ஆயிடும். இது சாகறப்ப அவன் ஜெயிச்ச மாதிரி சாகக் கூடாது. இன்னும் கூவணும். அவன் தோத்து வரணும்."

"அப்ப டாக்டர்கிட்ட போவோம். தேத்திக் கொண்டு வருவோம். நான் ஏணிய இன்னும் தணிக்கறேன்."

கால்நடை டாக்டர் சின்ன வயதுப் பெண். லோடை மேசையில் நிறுத்தி, வயிற்றைத் தடவி, மூக்கின் பக்கம் காதை வைத்துக் கேட்டாள். ஊசியைப் போட்டு உறிஞ்சியதும் வைக்கோல் நிறத்தில் நீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. லோடு அக்காவின் கையைக் கொத்தாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

"உள்ள கட்டி இருக்கும்மா. நீர் எடுத்தா மூச்சு கொஞ்சம் லேசாகும். ஆனா திரும்பக் கோத்துக்கும். முட்டைப் பை கெட்டுப்போனதாலதான் சேவல் மாதிரி கூவுது. இந்த வயசுல குணமாகாது."

"எத்தனை நாள் கூவும்?" என்றான் சின்னவன்.

டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "கூவறதா முக்கியம்? ஏறவே விடாதீங்க. கூவறப்பல்லாம் மூச்சு திணறுது. தரையிலேயே மெத்துன்னு படுக்கை, கிட்டத்துல தண்ணி, இளசா தீவனம். அதுவும் முடியலைன்னா கொண்டு வாங்க. ஒரு ஊசி. தூங்கற மாதிரி போயிடும். முடிவு நீங்கதான் எடுக்கணும்."

மறுநாள் விடியக்காலை சின்னவன் புது ஏணியோடு வந்தான். நீர் எடுத்ததில் லோடு கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தது. தானாகவே ஏணியில் கால் வைத்தது. அக்கா வேண்டாம் என்று கை நீட்டினாள். சின்னவன், "விடுக்கா, அதுக்கே ஆசை" என்றான்.

ஏறிவிட்டது. ஜன்னலைப் பார்த்தது. கழுத்தை நீட்டியது. கூவல் பாதிதான் வந்தது. மீதிப் பாதிக்கு மூச்சு இல்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, இந்தப் பக்கமாக உருண்டு விழுந்தது. சின்னவன் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டான். உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது. இரும்பு பிடித்துக் காய்த்துப்போன கை அது. அந்தக் கைக்கே தாங்கவில்லை. அதன் வாயிலிருந்து ஒரு துளி நீர் ஒழுகியது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் சின்னவனுக்கு வெறி மறுபடி தலைக்கேறியது. "எழுந்துட்டான்க்கா. பாதிக் கூவலுக்கே எழுந்துட்டான். இன்னும் ஒரு வாரம் தாங்கினாப் போதும், அவனே..."

"உன் கோபத்துக்கு ஏறணுமா, என் கோபத்துக்கு ஏறணுமா இது?" என்றாள் அக்கா. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி அவன் கேட்டதே இல்லை. "நாம ரெண்டு பேரும் வாய் இருக்கற ஜென்மம். நம்ம பாரத்தை இது மேல ஏத்திட்டோம். இதுக்குப் பேர் வேற லோடுன்னு வெச்சேன் பாரு. குடு இப்படி."

ஏணியை அவளே தூக்கிச் சந்தில் வைத்தாள். சமையலறை மூலையில் அடுப்பு வெப்பம் படுகிற இடத்தில் மரப்பெட்டி வந்தது. அடியில் பழைய துணி. சின்னவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, லோடு தலை நீட்டிக் குடிக்கத் தோதாகத் தண்ணிக் கிண்ணத்துக்கு ஒரு கம்பி வளையம் செய்து பெட்டியில் மாட்டினான். அக்கா வேலைக்கு லீவு போட்டாள். எடைமேடையில் அவளுக்குப் பதில் உட்கார்ந்த பையனை டிரைவர்கள் ஏய்த்துத் தள்ளினார்களாம். சொல்லி அனுப்பியும் அவள் போகவில்லை.

கூவல் நின்றது. ஒரு விடியல், இரண்டு விடியல், இன்னும் சில விடியல். தெருவே நிம்மதியாகத் தூங்கியது. சின்னவனுக்குத்தான் தூக்கம் இல்லை. பெரியவன் இப்போது மெத்தையில் கால் நீட்டிக் குறட்டை விடுவான் என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சின்னவன் அக்கா வீட்டில் இருந்தபோது நடுக் கதவுப் பக்கம் சத்தம் கேட்டது. சாவி. துருவோடு மல்லுக்கட்டுகிற சாவி. பிறகு டக் என்று விட்டது. கதவு உள்பக்கமாக, முழுக்கத் திறந்துகொண்டது. பெரியவன் வெள்ளைச் சட்டையில் நின்றான். நன்றாகத் தூங்கின முகம். பூட்டை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"வாக்குன்னா வாக்குதான்" என்றபடி உள்ளே வந்தான். "கடைசில நான் சொன்னதுதான் நடந்துச்சு, பாத்தியா? அன்னிக்கே கேட்டிருந்தா இத்தனை வருஷம் சாக்கடையத் தாண்டியிருக்க வேணாம். எங்க புதைச்சே?"

அக்கா சமையலறை வாசலில் மணையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் லோடு. சொட்டு மருந்துக் குழாயால் அதற்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். லோடு கழுத்தைத் திருப்பி ஒரு கண்ணால் பெரியவனைப் பார்த்தது.

"இன்னும் சாகலையா இது?"

"சாகும்னு நான் சொல்லவே இல்லியே, மெத்தைக்காரரே."

"அப்புறம் ஏன் கூவல?"

"ஒடம்பு சரியில்ல. லீவு."

பெரியவன் முகம் இஞ்சி தின்ற மாதிரி ஆயிற்று. "அப்ப பூட்டைத் திரும்பப் போடறேன்" என்று திரும்பினான்.

போட அங்கே கதவு இல்லை. முழுக்கத் திறந்த கதவைச் சின்னவன் இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை இழுத்து, ஒரே தூக்காகத் தூக்கிவிட்டான். இத்தனை வருஷம் காத்திருந்த தூக்கு அது. வளையம் ஊசியை விட்டுக் கழன்றது. கதவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பெரியவன் பக்கத்து வழியாகவே தெருவுக்கு நடந்தான்.

"டேய்! டேய், கதவை எங்கடா கொண்டு போறே?"

"கீல் துருப்பிடிச்சிருக்குண்ணே. பட்டறைக்கு எடுத்துட்டுப் போறேன்."

"எப்படா திருப்பித் தருவே?"

சின்னவன் நின்று, திரும்பி, அண்ணனை மேலும் கீழும் பார்த்தான். "பொழுது விடியட்டும்."

பெரியவன் வெறும் பூட்டோடு நின்றான். அக்கா மடியில் லோடோடு எழுந்து, சுவரிலிருந்த வெறும் சட்டத்தைத் தாண்டி, அவனைக் கடந்து, தெரு வாசல் வரை போய் நின்றாள். தெருவைக் கோழிக்குக் காட்டினாள். பிறகு அதே வழியாகத் திரும்பி வந்தாள்.

அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் லோடு தண்ணீரையும் மறுத்தது. தலையைத் தூக்க முடியாமல் துணியில் கிடந்தது. அக்கா அதிக நேரம் யோசிக்கவில்லை. "இனிமே இழுத்துப் பிடிச்சா அது நமக்காகத்தான், அதுக்காக இல்ல" என்றாள். அந்த டாக்டர் பெண் வீட்டுக்கே வந்தாள். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, லோடைப் பாதத்தின் மேல் இறக்கி வைத்தாள். அது உடம்பைத் தளர்த்தி அழுந்தி உட்கார்ந்தது. ஊசி போட்டது அதற்குத் தெரிந்த மாதிரியே இல்லை. கடைசிவரை அக்கா காலை அசைக்கவில்லை. அப்புறமும் வெகுநேரம் அசைக்கவில்லை.

கதவு இருந்த இடத்தை ஒட்டி, அக்கா பக்கத்து மண்ணில், சின்னவன் குழி வெட்டினான். அக்கா வெள்ளை இறகை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மீதியைத் துணியோடு இறக்கினாள். மண்ணைத் தள்ளி, செருப்புக் காலால் மிதித்துச் சமம் பண்ணினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னல் மூடியிருந்தது.

சின்னவன் கை கழுவிவிட்டுக் கிளம்பும்போது அக்கா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"செத்துடுச்சுன்னு அவனுக்குத் தெரியாதுல்ல?"

"எப்படித் தெரியும்? நாம சொன்னாத்தானே."

"சரி. நாளைக்கு விடியக்காலை வந்துடு."

"எதுக்கு?"

"அந்த வழியில நின்னு கூவணும்."

"யாரு, நானா?"

"நான் கூவினா கண்டுபிடிச்சுடுவான்டா, என் குரல் லாரிக்காரனுக்கெல்லாம் தெரியும். நீ கூவு. ஜன்னலைப் பாத்து, கழுத்தை நல்லா நீட்டி. நடுவுல அந்தக் கிறீச் மட்டும் மறந்துடாதே."